நிலக்கரிச் சுரங்க விரிவாக்கமும் சுற்றுச்சூழல் ஆய்வும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆயினும் நிலக்கரியின் துணையின்றி இம்மாவட்டங்களின் பொருளாதாரம் இயங்காது. சுவர்ணமுகி, பாலாறு, பொன்னையாறு போன்ற ஆறுகளில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் இருப்பதில்லை. எனவே மாவும் கரும்பும் நிலக்கடலையும் பயிராகும் நிலங்கள் ஆழ்குழாய்க் கிணறுகளையும் மின்சார பம்பு செட்டுகளையும் பெரிதும் சார்ந்துள்ளன. 2004ஆம் ஆண்டு முதல் ஆந்திரப் பிரதேச அரசு வேளாண்மைக்கு இலவச மின்சாரம் வழங்கி வருகிறது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்பகுதி மின் விநியோக நிறுவனம் இப்பகுதிக்கு மின்சாரத்தை விநியோகிக்கிறது.

இம்மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து பெறப்படுகிறது. கடப்பை மாவட்டத்திலுள்ள ராயலசீமா அனல் மின் நிலையத்திற்குக் கோதாவரிப் பள்ளத்தாக்கின் சிங்கரேணிச் சுரங்கங்களிலிருந்து ரயில் மூலம் நிலக்கரி வந்திருக்கிறது. 1,470 மெகாவாட் திறனுள்ள நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றிற்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு வந்துள்ளது. நெய்வேலியிலும் நிலத்தடி நீரை இறைத்த பின்னரே பழுப்பு நிலக்கரியை வெட்ட முடியும். ஒரு மாவட்டத்தில் நீரை இறைத்துப் பெறும் எரிபொருள், மற்றொரு மாவட்டத்தில் நீரை இறைக்கப் பயன்படுகிறது. நன்மை ஓரிடத்திலும் அதற்கான செலவு வேறோரிடத்திலும் அமையும்போது, அவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதற்கு ஒரு முறை தேவைப்படுகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அத்தகைய முறையாகும்.

புதிய சுரங்கம் ஒன்றைத் தொடங்கும்போது இம்மதிப்பீட்டின் தேவையை அனைவரும் ஏற்கின்றனர். ஏற்கெனவே இயங்கும் சுரங்கத்தை விரிவாக்கும்போதுதான் ஐயம் எழுகிறது. சுரங்கமும் சாலையும் முன்பே இருக்கின்றன. உற்பத்தியைச் சற்றுக் கூட்டுவதற்கு மீண்டும் ஓர் ஆய்வு ஏன் என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் வளர்ச்சி

வளர்ச்சித் திட்டங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் ஆராயும் வழக்கம் நம் நாட்டில் 1970களின் பிற்பகுதியில் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களிலிருந்து தொடங்கியது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லும், வனப் பாதுகாப்புச் சட்டம் 1980லும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981லும் இயற்றப்பட்டன. 1984ஆம் ஆண்டு போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுப் பேரிடருக்குப் பின்னர், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

இச்சட்டத்தின் கீழ் 1994ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் வெளியான அறிவிக்கை, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1997இல் பொது விசாரணைக்கான விதிகள் சேர்க்கப்பட்டன. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் வெளியான அறிவிக்கை இம்முறையைத் திருத்தியமைத்தது. பல திருத்தங்களுக்கு உட்பட்டு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே. 2010இல் அமைக்கப்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம், வழங்கப்பட்ட அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.

ஆய்வின் நான்கு படிகள்

2006ஆம் ஆண்டின் அறிவிக்கை ஆய்வை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதலாவது, தரம் பிரித்தல். பெரிய சுரங்கங்கள் மத்திய அரசின் பரிசீலனைக்கும், சிறியவை மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் பரிசீலனைக்கும் செல்கின்றன. மாநில அளவில் வரும் திட்டங்களில் எவற்றிற்கு விரிவான அறிக்கை தேவை என்பது இப்படியில் முடிவாகிறது.

இரண்டாவது, ஆய்வு வரம்பை வகுத்தல். எவற்றை ஆராய வேண்டும் என்பதை நிபுணர் குழு வரையறுத்துத் தருகிறது. சுரங்கப் பகுதியும், அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் ஆய்வுக்கு உட்படுவது வழக்கம். இந்த வரம்பில் விடுபட்டுப்போன செய்தி, பின்னர் அறிக்கையிலும் இடம்பெறாமல் போவதே பெரும்பாலும் நிகழ்கிறது. ஆதலால் மாணவர்கள் எந்த அறிக்கையையும் படிக்கும் முன்பு அதன் ஆய்வு வரம்பைப் படித்தல் நலம்.

மூன்றாவது, மக்களின் கருத்தறிதல். இது பொது விசாரணையும் எழுத்து மூலமான கருத்துகளும் அடங்கியது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விசாரணைக்கு ஏற்பாடு செய்கிறது. மாவட்ட ஆட்சித் தலைவரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்கிறார். குறைந்தது முப்பது நாள்களுக்கு முன்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவு அறிக்கையை மாவட்ட அலுவலகங்களில் மக்களின் பார்வைக்கு வைத்தல் வேண்டும். அதன் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். நடவடிக்கைகள் ஒளிப்படக் கருவியால் பதிவு செய்யப்படுகின்றன. கூட்டத்தின் முடிவில் எழுந்த கருத்துகளின் சுருக்கம் உள்ளூர் மொழியில் படித்துக் காட்டப்படுகிறது.

நான்காவது, மதிப்பிடுதல். இறுதி அறிக்கையையும் விசாரணைக் குறிப்புகளையும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு அறுபது நாள்களுக்குள் ஆராய்ந்து பரிந்துரை வழங்குகிறது. அடுத்த நாற்பத்தைந்து நாள்களுக்குள் அனுமதி வழங்கும் அதிகாரி முடிவை அறிவிக்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனம், விதிக்கப்பட்ட நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது.

பொது விசாரணை என்பது வாக்கெடுப்பு அன்று என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியும் இல்லை. எத்தனை பேர் எதிர்த்தனர், எத்தனை பேர் ஆதரித்தனர் என்ற கணக்கைவிட, என்ன செய்திகள் கூறப்பட்டன, அவற்றிற்கு நிறுவனம் என்ன பதில் தந்தது, அப்பதில் இறுதி அறிக்கையில் இடம்பெற்றதா என்பனவே முக்கியம்.

விரிவாக்கம் என்பதன் பொருள்

சுரங்க விரிவாக்கம் மூன்று வகையில் நிகழலாம். அதே பரப்பில் ஆண்டு உற்பத்தியைக் கூட்டுவது ஒன்று. புதிய நிலத்தைச் சேர்த்துக் கொள்வது மற்றொன்று. நிலத்தடிச் சுரங்கத்தைத் திறந்தவெளிச் சுரங்கமாக மாற்றுவது மூன்றாவது. சிங்கரேணிப் பகுதியில் இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. மூன்றாம் வகையில் வெட்டப்படும் நிலக்கரி அதேயாயினும், மேல்மண் குவியல், வெடிவைப்பு, தூசி, நிலத்தேவை ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. எனவே 'விரிவாக்கம்' என்ற ஒரே சொல் மூன்று வேறுபட்ட செயல்களைக் குறிக்கிறது.

முதல் வகையும் தோற்றத்தில் எளியதே தவிர, விளைவில் எளியதன்று. ஆண்டு உற்பத்தி கூடினால் குழி விரைவாக நகரும். லாரிகளின் எண்ணிக்கை கூடும். மண் குவியல் விரைவாக உயரும். நீரிறைப்பின் அளவு மாறும். நிலக்கரி இருப்பு தீரும் காலம் முன்னதாக வரும். அதனால் வேலைவாய்ப்பின் ஆயுளும் குறையும். பொருளியல் மாணவர் இந்தக் கடைசிச் செய்தியைக் கவனித்தல் வேண்டும். உற்பத்திப் பெருக்கத்தால் கிடைக்கும் வருமானத்துடன், அவ்வருமானம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நெய்வேலி காட்டும் கணக்கு

நெய்வேலியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு நவம்பரில் பதிவு செய்யப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. சோவியத் நாட்டின் ஒத்துழைப்புடன் அமைந்த முதல் அனல் மின் நிலையம் 1962இல் இயங்கத் தொடங்கி, 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்து, 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓய்வு பெற்றது. தென்னிந்தியாவின் தொழில் வளர்ச்சிக்கு நெய்வேலி ஆற்றிய தொண்டு பெரிது என்பதில் ஐயமில்லை.

முதல் சுரங்கத்தின் திறன் ஆண்டுக்கு 35 லட்சம் டன்னாகத் திட்டமிடப்பட்டது. அது 65 லட்சம் டன்னாகவும், 2003இல் 105 லட்சம் டன்னாகவும் உயர்ந்தது. இரண்டாம் சுரங்கம் 47 லட்சம் டன்னில் தொடங்கி, 105 லட்சம் டன்னாகவும், 2010இல் 150 லட்சம் டன்னாகவும் விரிந்தது. இரண்டாம் சுரங்கத்தின் கடைசி விரிவாக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வளர்ச்சி 43 சதவீதமே. தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டால், திறன் மும்மடங்கிற்கும் மேல் பெருகியிருக்கிறது. ஒவ்வொரு படியையும் தனித்தனியே நோக்குபவருக்கு மிதமான வளர்ச்சி தெரியும். முழுமையாக நோக்குபவருக்கு, தொடக்க அளவிலான இரண்டிற்கும் மேற்பட்ட புதிய சுரங்கங்களுக்கு இணையான மாற்றம் தெரியும். நிலமும் நீரும் முழுத் தொகையையே தாங்குகின்றன. கடைசிப் படியை மட்டும் அல்ல.

நீரின் நிலை இன்னும் தெளிவானது. நெய்வேலியில் நிலக்கரி அடுக்கின் கீழே அழுத்தமுள்ள நீர்தாங்கி அடுக்கு உள்ளது. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் புகுந்துவிடும். அதனால் குழியைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைக்கின்றனர். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஏறத்தாழ ஐந்தரை கனமீட்டர் மேல்மண்ணையும் அகற்ற வேண்டியுள்ளது.

இறைத்த நீர் முழுவதும் வீணாவதில்லை. அதன் ஒரு பகுதி அனல் மின் நிலையங்களுக்கும், ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்திற்கும் பயன்படுகிறது. இதில் ஒரு நுட்பமான செய்தி அடங்கியுள்ளது. ஏரிப் பாசனத்தில் உள்ள விவசாயி சுரங்கத்தால் நீர் பெறுகிறார். கிணற்றுப் பாசனத்தில் உள்ள விவசாயி தம் கிணறு ஆழமாவதைக் கண்டு கவலைப்படுகிறார். இருவரும் ஒரே பத்துக் கிலோமீட்டர் வட்டத்திற்குள் இருக்கலாம். சராசரி நீர்மட்டத்தை மட்டும் கூறும் அறிக்கை இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். யாருக்கு எவ்வளவு நன்மை, யாருக்கு எவ்வளவு இழப்பு என்று பிரித்துக் காட்டும் அறிக்கையே பயனுடையது.

காலம் என்னும் மறைந்த செலவு

2023ஆம் ஆண்டு ஜூலையில், இரண்டாம் சுரங்கத்திற்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வேலை வளையமாதேவிப் பகுதியில் நடைபெற்றபோது, விளைந்து நின்ற நெற்பயிர் அழிந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலை. நிலம் நேரில் எடுத்துக்கொள்ளப்படாததால் விவசாயிகள் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. பயிருக்குத் தனியே இழப்பீடு வழங்க ஏற்பாடாயிற்று.

இதில் ஆட்சிப் பணியாளர்கள் கற்க வேண்டிய பாடம் உண்டு. நிலம் எடுக்கும் ஆணைக்கும் நிலத்தில் இயந்திரம் இறங்கும் நாளுக்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்துவிட்டால், தாள்களில் ஒரு நிலையும் வயலில் வேறொரு நிலையும் உருவாகின்றன. நிலத்தின் விலை மாறுகிறது, குடும்பம் பிரிகிறது, பிள்ளைகள் வளர்ந்து வேலை கேட்கும் வயதை அடைகின்றனர். முன்னைய அறிக்கையின் சமூகப் பொருளாதாரப் பகுதி இம்மாற்றங்களை அறியாது. விரிவாக்கத்தின்போது புதிய ஆய்வு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அதே ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாதோப்புக் கிழக்கு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. காவிரிப் படுகை விளைநிலங்களைக் காக்கத் தமிழ்நாடு 2020இல் சட்டம் இயற்றியிருந்ததால் மாநில அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 2023 ஏப்ரலில் அப்பகுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 'இங்கே சுரங்கம் வேண்டுமா?' என்ற வினா, தனித் திட்ட ஆய்வு தொடங்கும் முன்பே விடை காண வேண்டியது என்பதை இது உணர்த்துகிறது. தாக்க மதிப்பீடு பெரும்பாலும் 'எப்படி?' என்பதற்கே விடை தருகிறது, 'எங்கே?' என்பது நிலப்பயன்பாட்டுத் திட்டத்தின் பொறுப்பு.

விலக்கு அளிக்கும் கேள்வி

நாட்டின் மின் தேவை பெருகும்போது விரிவாக்க அனுமதியை விரைவுபடுத்துமாறு கோரிக்கை எழுகிறது. 2017இல், முன்னரே பொது விசாரணை நடந்துள்ள நிலக்கரிச் சுரங்கங்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 40 சதவீதம் வரை மீண்டும் விசாரணையின்றி விரிவடைய வழி செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே மாதம் இவ்வரம்பு 50 சதவீதமாக உயர்ந்தது. இத்தகைய விரிவாக்கம் அதே குத்தகைப் பரப்புக்குள் அமைய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நிபுணர் குழுவின் பரிசீலனையும் இருந்தது.

இவ்வேற்பாட்டிற்கு நியாயம் இல்லாமல் இல்லை. மின்வெட்டு நேர்ந்தால் முதலில் வாடுவது சித்தூர் விவசாயியின் பயிரும் சிறுதொழிலுமே. தேவையற்ற தாமதம் திட்டச் செலவைப் பெருக்கும். ஆயினும், 150 லட்சம் டன் வெட்டும் சுரங்கத்திற்கு 50 சதவீதம் என்பது 75 லட்சம் டன். அதுவே ஒரு பெரிய சுரங்கத்தின் முழு உற்பத்திக்கு நிகர். சதவீதக் கணக்கில் பெரிய சுரங்கத்தின் விரிவாக்கம் சிறியதாகத் தோன்றுகிறது. சிறிய சுரங்கத்தின் விரிவாக்கம் பெரியதாகத் தோன்றுகிறது. சுற்றுப்புறக் கிராமங்களின் மீது விழும் தூசியும் அவற்றின் கிணற்று நீரும் சதவீதத்தை அறியா. டன்னையும் கனமீட்டரையுமே அறியும்.

விசாரணை தவிர்க்கப்படும் இடத்தில் அதன் பணியை ஏற்க வேண்டியது நிபந்தனைகளின் கண்காணிப்பாகும். 2012 முதல், விரிவாக்கம் கோரும் நிறுவனம் முந்தைய நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் சான்றளித்த அறிக்கையைத் தர வேண்டியுள்ளது. இச்சான்று நேர்மையாகவும் களத்தில் பார்த்தும் தரப்படுமாயின், மக்களின் குரலுக்கு ஓரளவு ஈடாகும். மேசையில் அமர்ந்து எழுதப்படுமாயின், மக்களும் பேசவில்லை, அலுவலரும் பார்க்கவில்லை என்ற நிலையே எஞ்சும்.

சித்தூர், திருப்பதி அலுவலர்களுக்கு

நிலக்கரி இல்லாத இம்மாவட்டங்களுக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். இங்கே கிரானைட் உண்டு. கூடூர்ப் பக்கம் சிலிகா மணலும் அபிரகமும் உண்டு. குப்பம் அருகே சிகுருகுண்டாவில் தங்கம் உண்டு. அத்தங்கச் சுரங்கத்தை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001இல் பணியை நிறுத்தியபோது, சுரங்கத்தின் தொடக்கத்தைப் போலவே அதன் முடிவையும் திட்டமிட வேண்டும் என்பது தெளிவாயிற்று. நிலக்கரித் துறையில் மூடல் திட்டத்திற்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்தன. மூடும் செலவை முன்கூட்டியே தனிக் கணக்கில் செலுத்த அவை வகை செய்கின்றன. எந்த விரிவாக்கத்திலும் இந்தத் தொகை மறுபடி கணக்கிடப்பட்டதா என்று கேட்பது அலுவலரின் கடமை.

மொழியும் கவனத்திற்குரியது. குப்பம், நகரி, சத்தியவேடு போன்ற எல்லைப் பகுதிகளில் தெலுங்குடன் தமிழும் வழங்குகிறது. விசாரணைக்குரிய சுருக்கம் தெலுங்கில் மட்டும் இருந்தால், விதி நிறைவேறும். சில கிராமங்களுக்குச் செய்தி சென்று சேராது. இரு மொழிகளிலும் சுருக்கம் தருவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

விசாரணைக்குத் தலைமை ஏற்கும் அலுவலர் சில வினாக்களை முன்னதாகவே எழுப்பிக்கொள்ளலாம். இச்சுரங்கம் தொடங்கிய நாளிலிருந்து மொத்த விரிவாக்கம் எவ்வளவு? அருகிலுள்ள பிற சுரங்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நீரும் காற்றும் என்ன ஆகும்? முந்தைய நிபந்தனைகளில் நிறைவேறாதவை எவை? நிலம் இழந்தோரில் இன்னும் பணமோ மனையோ வேலையோ பெறாதவர் எத்தனை பேர்? கிணறுகளின் நீர்மட்டம் ஆண்டின் எந்த மாதத்தில் அளக்கப்பட்டது? ஒரு பருவத்தின் அளவு மட்டும் இருந்தால், கோடையில் கிணறு வற்றுவதை அறிக்கை அறியாமல் போகும். இவ்வினாக்களுக்குச் சட்ட நூல் தேவையில்லை. களத்தை ஒரு முறை நடந்து பார்த்தால் போதும்.

முடிவுரை

மின்சக்தி வேண்டாம் என்று எவரும் கூறுவதில்லை. நிலக்கரி இன்னும் பல ஆண்டுகள் நம் மின் உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும். விரிவாக்கம் என்பதால் ஆய்வு தேவையில்லை என்பதும், விரிவாக்கம் என்பதாலேயே அது தீது என்பதும் ஒருதலையான கருத்துகளே. இயங்கும் சுரங்கத்தில் ஊகம் குறைவு. உண்மை அளவுகள் மிகுதி. முதல் அறிக்கை எதிர்பார்த்தது என்ன, உண்மையில் நடந்தது என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு புதிய சுரங்கத்தில் இல்லை, விரிவாக்கத்தில்தான் உண்டு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விடுவது, முதல் தேர்வின் விடைத்தாளைத் திருத்தாமலே மாணவனை அடுத்த வகுப்புக்கு அனுப்புவதாகும்.

சித்தூரில் பம்பு செட்டின் விசையைத் தட்டுபவரும், நெய்வேலிக்கு அருகே தம் கிணற்றில் கயிற்றை இறக்கி நீர்மட்டம் பார்ப்பவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். அவர்கள் இருவரின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்படும் இடம் இந்த ஆய்வு ஒன்றே. அந்த ஏடு ஒவ்வொரு விரிவாக்கத்தின்போதும் முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்க்கப்படுதல் வேண்டும்.